வெறும் ஓட்டைகள் மட்டும் உள்ள 1920-கள் உடை பேட்டர்ன்: எப்படிப் படிப்பது?

கேள்வி (டொரொன்டோவிலிருந்து ஒரு வாசகி), 6 ஜனவரி 2024

ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் 4 டாலருக்கு ஒரு உடை பேட்டர்ன், அதாவது துணியின்மேல் வைத்து வெட்டுவதற்கான தாள் மாதிரி, வாங்கினேன். உறைமேல் மணி வடிவத் தொப்பி போட்ட இரண்டு பெண்கள். பாவாடை முழங்காலைத் தொட்டு நிற்கிறது, பெல்ட் இடுப்பில் இல்லாமல் தொடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மார்பு அளவு 36 என்று போட்டிருக்கிறது. உள்ளே பழுப்பேறிய மெல்லிய தாள்கள். ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை, எங்கே பார்த்தாலும் ஓட்டை. பூச்சி அரித்ததை என் தலையில் கட்டிவிட்டார்களா? இன்னொன்றும் கேட்கவேண்டும். பிளாப்பர் என்று 1920-களின் நாகரிகப் பெண்களைச் சொல்வார்களே, அந்தக் காலத்து உடை என்பது தோளிலிருந்து நேராகத் தொங்குகிற பைதானே? இரண்டு செவ்வகம் வெட்டி இரண்டு பக்கமும் அடித்தால் வந்துவிடாதா? அக்கா யாராவது சொல்லுங்கள்.

பதில், 6 ஜனவரி 2024, இரவு

பூச்சி அரிக்கவில்லை. அந்த ஓட்டைகள்தான் எழுத்து.

1920-களில் பேட்டர்ன் தாளில் மை போட்டு அச்சடிக்கும் வழக்கம் இல்லை. மெல்லிய தாளைக் கட்டாக அடுக்கி, ஒரே வெட்டில் பல தாள்களை வெட்டுவார்கள். குறிகளையும் அந்தக் கட்டின்மேலேயே குத்தித் துளைத்துவிடுவார்கள். பட்டரிக், பிக்டோரியல் ரிவ்யூ, வோக் ஆகிய பேட்டர்ன் கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் விற்றன.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை என்று இரண்டு அளவு தெரியும். ஓரத்தில் அங்கங்கே சின்னதாக ஒரு முக்கோண வெட்டு இருக்கும். அந்த வெட்டும் பக்கத்துத் துண்டில் இருக்கும் வெட்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். எழுத்தே இல்லை என்றீர்களே, அதுவும் இருக்கும். கோலப்புள்ளி மாதிரி சின்ன ஓட்டைகளால் ஏ, பி என்று குத்தியிருப்பார்கள். எது முன், எது பின், எது கை என்று அதை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

நீளவாக்கில் ஒரே வரிசையில் வரும் பெரிய ஓட்டைகள் பாவு நூல் போகும் திசை. துணியின் கரைக்கு அந்த வரிசை இணையாக இருக்கவேண்டும். ஓரத்தில் மூன்று ஓட்டை சேர்ந்து வந்தால் அந்த ஓரம் துணியின் மடிப்பில் வைக்கவேண்டியது. சின்ன ஓட்டைகள் டாட் (உடம்பின் மேட்டுக்கு இடம் தர, துணியைக் கூராக மடித்து அடிப்பது), சுருக்கம், பிளீட்.

முதலில் இஸ்திரி போடுங்கள். பெட்டி கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். தண்ணீர் தெளிக்காதீர்கள், நீராவி கிட்டேயே வரக்கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் பசை பழுப்பாகித் தாளையும் தின்றுவிடும். அப்புறம் வேறு தாளில் படி எடுத்துவிட்டு அசலை உறையில் போட்டு வையுங்கள். நான் படி எடுப்பது, டாக்டர் பரிசோதனைக் கட்டிலில் விரிக்கிறார்களே, அந்தத் தாள் ரோலில். விலை குறைவு, கீழே உள்ளது தெரியும், பென்சிலும் பிடிக்கும்.

உறையில் எத்தனை துண்டு என்று போட்டிருக்கிறது? உங்கள் கையில் எத்தனை இருக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள்.

8 ஜனவரி 2024

இரண்டு திருத்தம்.

ஒன்று. யாருமே அச்சடிக்கவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். தவறு. மெக்கால் கம்பெனி 1920-களின் தொடக்கத்திலேயே கோடு, எழுத்து எல்லாம் அச்சடித்த பேட்டர்னை விற்றது. அதற்குக் காப்புரிமையும் வைத்திருந்தது. அதனால்தான் மற்றவர்கள் ஓட்டையோடு நின்றார்கள். கட்டாக வெட்டும்போது மேல்தாளுக்கும் அடித்தாளுக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்துவிடும், அச்சடித்த கோட்டில் அது வராது என்று மெக்கால் விளம்பரமே செய்தது. காப்புரிமை முடிந்த பிறகும் வோக் 1950-கள் வரை ஓட்டையை விடவில்லை.

இரண்டு. மூன்று ஓட்டை என்றால் மடிப்பு என்றேன். அது என்னிடம் உள்ள உறைகளை வைத்துச் சொன்னது. கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும். உறையின் பின்பக்கத்திலோ உள்ளே உள்ள தாளிலோ விளக்கம் இருக்கும், அதைத்தான் நம்பவேண்டும்.

உங்களுடையது பட்டரிக் என்றால் உள்ளே தனியாக ஒரு மடித்த தாள் இருக்கிறதா பாருங்கள். அதற்கு டெல்ட்டார் என்று பெயர். பட்டரிக் நடத்திய டெலினியேட்டர் பத்திரிகைப் பெயரின் தலையையும் வாலையும் சேர்த்து வைத்த பெயர். 1919-ல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் உறைமேல் நாலு வரி இருக்கும், மற்றதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்ட்டாரில் அந்தக் குறிப்பிட்ட உடைக்கே துணியில் எப்படிப் பரப்புவது, எதை முதலில் அடிப்பது, ஓரத்தை எப்படி முடிப்பது என்று படம் போட்டுச் சொல்லியிருக்கும். பழைய உறை வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். பேட்டர்ன் துண்டு ஒன்று குறைந்தால்கூட வரைந்துகொள்ளலாம். டெல்ட்டார் இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

9 ஜனவரி 2024

இரண்டு செவ்வகம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிட்டத்தட்ட அதையே செய்தவர் ஒருவர் இருக்கிறார்.

பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் என்ற ஊர். நான் இருக்கும் நியூ ஜெர்சி பக்கத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம். அங்கே உமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற தபால்வழித் தையல் பள்ளி இருந்தது. மேரி புரூக்ஸ் பிக்கன் என்ற அம்மையார் அதில் பாடம் எழுதினார். 1924-ல் ஒரு மணி நேரத்தில் ஒரு உடை என்று அவர் எழுதிய சிறு புத்தகம் வந்தது. அதற்குப் பேட்டர்னே வேண்டாம், இஞ்சு டேப்பும் கத்தரியும் போதும்.

அடிப்படை வடிவம் இதுதான். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை 42 இஞ்சு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு 84. அடி மடிக்க இரண்டு பக்கமும் சேர்த்து 6. மொத்தம் 90 இஞ்சு, அதாவது இரண்டரை கெஜம். துணியைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்புதான் தோள், அங்கே தையலே கிடையாது. இன்னொரு முறை நீளவாக்கில் மடித்து, மூலையில் கழுத்தை வெட்டுங்கள். பக்கவாட்டில் கைக்கு அகலம் விட்டு உள்ளே வெட்டி, உடம்போடு ஒட்டிக் கீழே இறங்கி, சீட் (இடுப்புக்குக் கீழே பின்பக்கம் அகலமான இடம்) அளவு வரும் இடத்தில் மறுபடி வெளியே கரைவரை வெட்டவேண்டும். மேலே குறுகலாகவும் கீழே துணியின் முழு அகலத்தோடும் ஒரு வடிவம் கிடைக்கும். கீழே மிஞ்சுகிற அகலத்தைப் பக்கத்தில் பிளீட்டாகவோ சுருக்கமாகவோ பிடித்து மேலோடு சேர்த்தால் உடம்பு வேலை முடிந்தது. கழுத்துக்குக் கிராஸ் பீஸ் (குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டை), கைக்கும் அடிக்கும் ஓரம்.

எனக்கு முதல் தடவை நாலரை மணி நேரம் ஆனது. கையால் செய்த ஹெம்மிங்கே ஒன்றரை மணி.

ஆகவே உங்கள் சந்தேகம் சரியானதுதான். ஆனால் உங்கள் கையில் உள்ள பேட்டர்ன் அந்த ரகம் இல்லை. தனிக் கை, தனித் தோள் தையல் என்றால் அதில் வேறு கணக்கு ஓடுகிறது. சனிக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

13 ஜனவரி 2024

சொன்னபடி எழுதுகிறேன். இது நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை. இந்தக் கேள்வி-பதிலைப் படிக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகவே நீளமாக எழுதுகிறேன்.

நாலைந்து வருடம் முன்பு லேம்பர்ட்வில் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் ஒரு உறை கிடைத்தது. ஓட்டை ரகம். உடையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நேர் உடம்பு, நீளக் கை, வி வடிவக் கழுத்து, தாழ்ந்த பெல்ட், அதற்குக் கீழே முன்பக்கம் மட்டும் பிளீட். சாப்பாட்டு மேஜையில் முன் துண்டையும் பின் துண்டையும் பரப்பினேன். கும்பகோணத்தில் எங்கள் சித்தி தையல் சொல்லிக்கொடுத்தபோது முதல் பாடமே இதுதான்: வெட்டுவதற்கு முன் சேரவேண்டிய இரண்டு ஓரத்தையும் டேப் வைத்து அள. அளந்தேன். அக்குளிலிருந்து அடிவரை முன் துண்டின் பக்கம், பின் துண்டைவிடச் சரியாக ஒரு இஞ்சு அதிகம்.

தாள் நூறு வருடப் பழசு. ஈரத்தில் இழுத்திருக்கும், அல்லது கட்டாக வெட்டும்போது நழுவியிருக்கும் என்று நானே முடிவு செய்தேன். படி எடுக்கும்போது அக்குள் பக்கம் அந்த ஒரு இஞ்சைக் குறைத்து, இரண்டு பக்கத்தையும் சமமாக்கினேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

துணி நல்ல துணி. நீல நிறத்தில் பட்டு கிரேப். கெஜம் என்ன விலை என்று இப்போது நினைத்தாலும் மனசு கேட்காது. தைத்து, இஸ்திரி போட்டு, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். பின்பக்கம் அருமையாக விழுந்தது. முன்பக்கம் அடி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டேப் வைத்து அளந்தால் ஒன்றே கால் இஞ்சு. பெல்ட் முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. பக்கத் தையல் நேராகத் தரையைப் பார்க்காமல் கீழே போகப்போக முன்னால் நகர்ந்தது. தோளில் இழுத்துவிட்டேன், பெல்ட்டை இறக்கிக் கட்டினேன், மூன்று அடி நடந்தால் பழையபடி ஏறிவிடும்.

மறுபடி அசல் தாளை எடுத்து ஜன்னலில் பிடித்தேன். முன் துண்டில் அக்குளுக்கு இரண்டு இஞ்சு கீழே, ஓரத்தை ஒட்டி இரண்டு சின்ன ஓட்டை. அவற்றிலிருந்து நாலு இஞ்சு உள்ளே தள்ளி இன்னொரு ஓட்டை. தாளின் மடிப்புக் கோடு சரியாக அதன்மேல் போயிருந்ததால் எனக்குக் கண்ணில் படவில்லை. மூன்றையும் பென்சிலால் சேர்த்தால் படுத்த முக்கோணம். பக்க டாட். ஓரத்தில் உள்ள இரண்டு ஓட்டைக்கும் நடுவே எத்தனை என்று அளந்தேன். ஒரு இஞ்சு.

நான் வெட்டித் தள்ளியது அந்த இஞ்சைத்தான்.

மார்பின் மேடு முன்பக்கத் துணியை மேலே வாங்கிக்கொள்ளும். நாம் ரவிக்கையில் நாலு டாட் பிடித்து அந்த மேட்டுக்கு இடம் கொடுக்கிறோம். 1920-களில் மார்பு தட்டையாகத் தெரியவேண்டும் என்பது மோஸ்தர். அதற்கென்றே உள்ளாடை விற்றார்கள். இங்கிலாந்தில் சிமிங்டன் கம்பெனியின் பக்கத்தில் கயிறு கட்டும் உள்கச்சு இன்றும் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உடம்பு பலகை ஆகிவிடாது. அதனால் பேட்டர்ன் வரைந்தவர்கள் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் நீளத்தைக் கூட்டிவைத்து, அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்தார்கள். சிலதில் பக்க டாட். சிலதில் தோள் தையலில் சின்னச் சுருக்கம் அல்லது மெல்லிய மடிப்புகள், பார்த்தால் அலங்காரம் என்றே தோன்றும். தோளிலிருந்து தொங்குகிற உடைக்கு இடுப்பில் பிடிமானம் கிடையாது. மேலே அரை இஞ்சு பிசகினால் அடிவரை அது போகும்.

ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு காரணம் இருக்கிறது. ஓரம் சேரவில்லை என்றால் கத்தரியை எடுக்காதீர்கள், ஓட்டையைத் தேடுங்கள்.

14 ஜனவரி 2024

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். தையலுக்கு விடும் துணி. இன்றைய அமெரிக்கப் பேட்டர்ன்களில் அஞ்சு நூல், அதாவது இஞ்சில் எட்டில் அஞ்சு பங்கு, விட்டிருப்பார்கள். என்னிடம் உள்ள 1920-கள் உறைகளில் பெரும்பாலும் மூணு நூல்தான். பழக்கதோஷத்தில் அஞ்சு நூலில் அடித்தால் ஒவ்வொரு ஓரத்திலும் கால் இஞ்சு போய்விடும். இரண்டு பக்கத் தையலுக்கு நாலு ஓரம். ஆக, சுற்றளவில் ஒரு இஞ்சு போயிற்று. உறையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். சில பழைய பேட்டர்ன்களில் தையலுக்கு விடாமலே இருக்கும், அதையும் உறைதான் சொல்லும்.

20 ஜனவரி 2024

அளவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உறையில் 36, உங்களுக்கு மார்பு 37, ஒரு இஞ்சுதானே, தளர்ந்த உடைதானே என்று.

மார்பை விடுங்கள். சீட் சுற்று என்ன? அதுதான் இந்த உடைக்கு உயிர்நிலை. உறையில் அளவை மார்பை வைத்துத்தான் போடுவார்கள், இளம்பெண்களுக்கு 14, 16, 18 என்று வயதை வைத்துப் போடுவார்கள். ஆனால் உடை உடம்பைத் தொடுகிற இடம் இரண்டுதான்: தோள், சீட். நடுவில் எங்கும் தொடாமல் விழவேண்டும். சீட்டில் பிடித்தால் துணி மேலே ஏறி வயிற்றுக்குமேல் உருண்டு நிற்கும், பெல்ட் இருக்கிற இடமே அதுதான் என்பதால் மறைக்கவும் முடியாது.

நின்றுகொண்டு அளக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள், நின்று அளந்ததைவிட அதிகம் வரும். நான் அந்த அளவுக்குமேல் இரண்டு இஞ்சு விடுவேன். தாளில் அந்த இடத்தின் அகலத்தை அளந்து, குறைவாக இருந்தால் பக்கத் தையலில் அக்குளுக்குக் கீழிருந்து மெல்ல அகலப்படுத்துங்கள். தோளையும் கைக்குழியையும் தொடாதீர்கள்.

சீட் ரொம்ப அகலம், எப்படித் தைத்தாலும் குட்டையாகத் தெரிகிறது என்று எழுதிய மதுரை அக்காவுக்கு: அந்தக் காலத்திலேயே எல்லோரும் குழாய் மாதிரி உடுத்தவில்லை. பாரிஸில் லான்வேன் அம்மையார் ரோப் த ஸ்தீல் என்ற உடையை 1920-கள் முழுவதும் தைத்துக் கொடுத்தார். மேலே உடம்போடு, கீழே இரண்டு பக்கமும் விரிந்த பாவாடை. சீட் இருப்பவர்களுக்கு அது கை கொடுக்கும்.

துணி வெட்டுவதற்கு முன் காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பாருங்கள். கைகூட வேண்டாம், உடம்பு மட்டும். எனக்கு அந்தப் புத்தி நீல கிரேப்புக்குப் பிறகுதான் வந்தது.

21 ஜனவரி 2024

பள்ளி விழாவில் மகளுக்குப் பிளாப்பர் வேஷம், குஞ்சம் வைத்த பேட்டர்ன் எது என்று கேட்ட அம்மாவுக்கு.

அடுக்கடுக்காகக் குஞ்சம் தொங்கும் குட்டைப் பாவாடையை நமக்குப் பழக்கியது 1950, 60-களின் சினிமா உடைகள். 1920-களில் குஞ்சம் உண்டு. பட்டுக் குஞ்சம், விலை அதிகம், கனமும் அதிகம், இரவு விருந்துக்கு மட்டும். நான் பார்த்த பேட்டர்ன் உறைகளில் முக்கால்வாசி பகல் உடைகள். பருத்தி வாயில், கட்டம் போட்ட கிங்காம், லினன், செயற்கைப் பட்டு. ரேயான் என்ற பெயரே 1924-ல்தான் அதற்கு வைத்தார்கள். அலுவலகம் போகிறவர், கடையில் நிற்கிறவர், பிள்ளை வளர்க்கிறவர் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டவை. எனக்குப் பிடித்தது அந்த உடைகள்தான், அவற்றை யாரும் வேஷத்துக்குக் கேட்பதில்லை.

மகளுக்கு 9-ஆம் தேதி எழுதிய ஒரு மணி நேர உடையைத் தையுங்கள். நல்ல நிறத்தில் வாயில் துணி, தொடை உயரத்தில் ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு துணிப்பூ. பிள்ளைக்கு மார்பு மேடு கிடையாது, அடி தூக்குமோ என்ற கவலையும் இல்லை.

27 ஜனவரி 2024

1920-களின் விருந்து உடைகளில் மணி வேலை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டவர், ஆரி வகுப்புக்குப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த விருந்து உடைகளில் மணி கோத்தது கொக்கி ஊசியில். இந்தியாவின் ஆரி வேலை 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. மத்தளம் மாதிரி வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிச் செய்வதால் பிரெஞ்சில் மத்தளத்தின் பெயரையே வைத்து தம்பூர் என்றார்கள். பிரான்சில் லூனவில் ஊர்க்காரர்கள் அதில் மணி சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். துணியின் பின்பக்கம் மேலே இருக்கும்படி கட்டி, மணியை முன்னமே நூலில் கோத்து வைத்துக்கொண்டு, மேலிருந்து கொக்கி போட்டு இழுப்பார்கள். மணி அடிப்பக்கம் வரிசையாக உட்காரும். வேலை செய்கிறவருக்குத் தெரிவது சங்கிலித் தையல் மட்டும். நம் ஊரில் மணியைக் கண்ணெதிரே மேல்பக்கம் வைத்துத்தானே செய்கிறோம். அவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள், வேகமும் கூடியது.

வீட்டில் தைக்கிறவர்களுக்குப் பேட்டர்ன் கம்பெனிகளே பூவேலை, மணி வேலைக்கான வரைபடம் விற்றன. இஸ்திரி போட்டால் கோடு துணியில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. மணி வைத்த பழைய உடை கிடைத்தால் ஹேங்கரில் மாட்டாதீர்கள். மெல்லிய ஷிஃபான்மேல் அவ்வளவு கண்ணாடி. தன் கனத்திலேயே தோளில் கிழிந்துவிடும். மியூசியத்திலும் படுக்கவைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

3 பிப்ரவரி 2024

9-ஆம் தேதி எழுதியதைப் பற்றி இரண்டாவது யோசனை. எனக்கே ஒரு உறுத்தல் இருந்ததால் ஒரு மணி நேர உடையை மறுபடி தைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவுவரை போட்டுப் பார்த்தேன். காட்டன் வாயில், இந்த முறை தைக்க இரண்டே கால் மணி.

நிற்கும்போது அழகு. கையைத் தூக்கினால் முழு உடையும் கையோடு ஏறுகிறது, கை தனியாக வெட்டாததன் விளைவு. தோளில் சரிவு இல்லாததால் கழுத்தோரம் துணி கொஞ்சம் எழும்பி நிற்கிறது. கழுத்தை முன்னும் பின்னும் ஒரே ஆழத்தில் வெட்டினால் உடை பின்னால் சரிந்து தொண்டையை அழுத்தும், முன்பக்கம் ஒரு இஞ்சாவது கூடுதலாக இறக்குங்கள். பக்கத்தில் பிளீட் பிடிக்கும்போது முன்பக்கத்தை இரண்டு நூல் இறக்கிச் சேர்த்தால் அடி தூக்குவது பாதி குறைகிறது. இதை நானாகக் கண்டுபிடித்தேன், யாராவது தைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் சமையல் செய்தேன், துணி துவைத்தேன், மாடிக்கு ஏறி இறங்கினேன், உடம்பில் ஒரு இடத்தில்கூடப் பிடிக்கவில்லை. கொக்கி இல்லை, பட்டன் இல்லை, ஜிப் இல்லை. ஜிப் பெண்கள் உடைக்குப் பரவலாக வந்ததே 1930-களில்தான். தலைவழியாகப் போட்டு, தலைவழியாகக் கழற்றுகிறோம். எலும்பு வைத்த கச்சில் இருபது வருடம் இருந்துவிட்டு இதற்குள் வந்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மாடிப்படியில் நின்று நினைத்தேன்.

முதல் உடைக்கு இதுவே போதும் என்று இப்போது சொல்கிறேன். இரண்டாவது உடைக்குப் பேட்டர்ன்.

4 பிப்ரவரி 2024

"இரண்டு நூல் இறக்கி" என்றது கால் இஞ்சு. இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

11 பிப்ரவரி 2024

உங்கள் உறை எந்த வருடம் என்று கண்டுபிடிக்க அடியின் உயரத்தைப் பாருங்கள். 1920-கள் என்றாலே முழங்கால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1923-ல் அடி கிட்டத்தட்டக் கணுக்காலில் இருந்தது. 1925-ல் ஏறத் தொடங்கி 1926, 27-ல் முழங்காலைத் தொட்டது. அடுத்த இரண்டு வருடத்தில் அடி ஒழுங்கில்லாமல் ஆனது. முன்னால் முழங்கால், பின்னால் நீளம், அல்லது பக்கத்தில் முக்கோணமாகத் தொங்கும் துணி. 1929-ல் பாரிஸில் பத்தூ என்ற ஆடை வடிவமைப்பாளர் பாவாடையை நீளமாக்கிக் காட்டினார், இடுப்பும் பழைய இடத்துக்குத் திரும்பியது, அத்தோடு அந்த உருவம் முடிந்தது. நீங்கள் சொல்வது முழங்கால், சம அடி, தாழ்ந்த பெல்ட். 1926 அல்லது 27 என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சரியாகப் பார்க்கவேண்டும் என்றால் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பேட்டர்ன்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. கம்பெனிப் பெயரும் எண்ணும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

2 மார்ச் 2024

டொரொன்டோ வாசகிக்கு: நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். உறையில் ஏழு துண்டு, கையில் எட்டு. எட்டாவதில் ஒரு ஓட்டைகூட இல்லை என்று நீங்கள் குழம்பியதில் நியாயம் இருக்கிறது. அது கம்பெனி கொடுத்தது இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் தாள் வேறு, கொஞ்சம் தடிமன், கடையில் சாமான் சுற்றித் தரும் பழுப்புத் தாள் மாதிரி. ஓரத்தில் கத்தரி நின்று நின்று போன தடம் தெரிகிறது.

பின் துண்டையும் அதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீங்கள் எடுத்த மூன்றாவது படத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. தோள் பொருந்துகிறது, கைக்குழி பொருந்துகிறது. அக்குளுக்குக் கீழிருந்து மெல்ல விலகி, சீட் வரும் இடத்தில் முக்கால் இஞ்சு வெளியே போய் அப்படியே அடிவரை இறங்குகிறது. மடிப்பில் வைக்கும் துண்டு என்பதால் பின்பக்கம் முழுவதற்கும் ஒன்றரை இஞ்சு. அந்த உறையை முதலில் வாங்கிய பெண் தன் சீட் அளவுக்கு வரைந்துகொண்டது அது. சீட் அருகில் வரிசையாகக் குண்டூசி குத்திய தடம் இருக்கிறதே, குறைந்தது இரண்டு தடவையாவது அதை வைத்துத் துணி வெட்டியிருக்கிறார்.

உங்கள் அளவு எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை இஞ்சுதான் வேண்டும். அசல் பின் துண்டை விடுங்கள், இதைப் படி எடுத்துக் காடாத் துணியில் வெட்டுங்கள். முன் துண்டில் பக்க டாட்டுக்கு மூன்று ஓட்டை இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன் ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதுவரை கத்தரி எடுக்கவேண்டாம்.